சாலை போக மீதி

வட்டச்சாலைக்காக ஹனோயின் அந்தத் தெருவை
ஒரு கோடு குறுக்காகக் கடந்தது.
தோவாவின் வீட்டில்
படுக்கையறை சாலைக்குள் போனது,
குளியலறை நடைபாதைக்குள்.
அவர் குளித்த இடத்தில் இப்போது
பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

மிஞ்சியது ஒரு முக்கோணம்.
நீளம் ஒன்பது மீட்டர்.
தலைமாட்டில் இரண்டு மீட்டர் பத்து.
கால்மாட்டில்
என் அளவுநாடா படுக்கும் அகலம்.

எள் விழ இடமில்லை என்பது பேச்சுக்கு.
இங்கே எள் விழ இடமிருந்தது,
பொறுக்கக் குனியத்தான் இல்லை.

என்னோடு படித்தவர்கள்
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
நாற்பது மாடிக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்கிறார்கள்.
நான் சந்துசந்தாகப் போய்
கழிவறைக் கதவு
உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று
கவலைப்படுகிறவன்.

"பதினைந்து சதுர மீட்டருக்குக் குறைந்தால்
அனுமதி இல்லை" என்றேன்.
"பின்வீட்டாருக்கே கொடுத்துவிடுங்கள்."

பின்வீட்டுக் கியெம்
முப்பது வருடம் சந்துக்குள் கிடந்தவர்.
சாலை வருகிறது என்றதும்
கடை வாடகையை மனதுக்குள் எண்ணத் தொடங்கியவர்.
சாலை வந்தது.
அவருக்கும் அதற்கும் இடையில்
தொண்டையில் மீன்முள்ளாக
தோவாவின் ஒன்பதரைச் சதுர மீட்டர்.

அவர் சொன்ன விலைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வரும்.
இவர் சொன்ன விலைக்கு
அவர் தன் வீட்டையே விற்க வேண்டும்.
ஆறு மாதம் பேசினார்கள்.
பிறகு பேசவில்லை.
முக்கோணத்தில் தகரம் சாய்த்து
தோவா ஹெல்மெட்டுகளுக்கு உள்பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தார்,
முதுகைப் பின்வீட்டுக்குக் காட்டி.

"நீ வரை" என்றார் என்னிடம்.
வரைந்தேன். நான்கு மாடி.
படிக்கட்டு எல்லாவற்றையும் தின்றது.
மறுபடி வரைந்தேன்,
அறையைத் தின்ற படிக்கட்டு
கட்டிலையும் கேட்டது.
"நான் என்ன
ஏறிக்கொண்டே இருக்கவா பிறந்தேன்?"
என்று தாளைத் திருப்பித் தந்தார்.
தோளை அளந்தேன்: முப்பத்தெட்டு.
ஹெல்மெட் மூட்டையோடு நிற்கச் சொல்லி அளந்தேன்: எழுபது.
எழுபதுக்குக் கீழே
எந்தப் படியும் அவருக்கு உதவாது.

ஒரு மழை மாலை கியெம் என் அறைக்கு வந்தார்.
நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
ஒரு சதுரம், ஒரு முக்கோணம்,
நடுவே ஏணி போல ஏதோ.
"படி என் பக்கம் ஏறட்டும்.
சமையலறை மூலையை எடுத்துக்கொள்.
அதற்குப் பதில் கீழே
ஒரு மோட்டார்சைக்கிள் நுழையும் வழி.
நான் சொன்னதாகச் சொல்லாதே."

சொல்லவில்லை.
என் யோசனை என்றே காட்டினேன்.
தோவா வெகுநேரம் பார்த்தார்.
"இந்தக் கோணல் கோடு உன் கை இல்லை."
பிறகு,
"வழி தொண்ணூறு சென்டிமீட்டர்.
ஒன்று கூடக் கூடாது."

இரண்டு சிவப்புப் பட்டாப் புத்தகங்கள்
என் மேசையில் கிடந்தன,
அருகருகே, ஒட்டாமல்.
சேர்த்து எழுதினால் பரப்பு பதினைந்தைத் தாண்டியது.
நடுச்சுவர் யாருடையது,
மின்பெட்டி எங்கே,
கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும்,
எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது.
படியை யார் பெருக்குவது என்பதற்கு
நாற்பது நாள்.

இன்று அதைப் படம் பிடிக்கிறார்கள்,
பக்கவாட்டில் நின்று,
கத்தி போல ஒரு வீடு என்று.
எதிரே நின்று பார்த்தால்
சாதாரண வீடுதான்,
துணி காயும் நான்கு ஜன்னல்.

கால்மாட்டு முனைக்கு
எனக்கு எதுவும் தோன்றவில்லை.
வரைபடத்தில் வெறுமையாக விட்டிருந்தேன்.
போன மாதம் பார்த்தேன்,
அங்கே ஒரு துடைப்பம் நிற்கிறது,
அளவெடுத்துக் கட்டியது போல.
யாருடையது என்று கேட்டேன்.
தோவா கியெமைக் கைகாட்டினார்.
கியெம் தோவாவை.